நாலு வரி போதும்: புது இண்டி பாட்டுக்குக் கருத்து எழுதுவது எப்படி

சினிமாவுக்கு வெளியே கலைஞர்கள் தாங்களே வெளியிடும் புது இண்டி பாட்டு ஒன்று வந்தால் நம் ஆட்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "வேற லெவல் ப்ரோ, கூஸ்பம்ப்ஸ்". இன்னொன்று, பேண்ட் அனுப்பிய பிரஸ் நோட்டையே தமிழில் கொஞ்சம் புரட்டிப் போட்டு, கடைசியில் ஒரு தீ எமோஜி. இரண்டையும் படித்தவருக்கு அந்தப் பாட்டைக் கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாது. பாட்டைப் போட்டவருக்கும் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று தெரியாது. ஐம்பது அறுபது வார்த்தைக்குள் உருப்படியாக ஒரு கருத்தைச் சொல்லிவிட முடியும். அதற்கு ராகம் கண்டுபிடிக்கும் ஞானமெல்லாம் வேண்டாம், பாட்டில் ஒரு இடத்தையாவது விரல் வைத்துக் காட்டத் தெரிந்தால் போதும். "1:12-ல் இது நடக்கிறது, அதனால் பிடித்தது" அல்லது "அதனால்தான் பிடிக்கவில்லை". கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பெங்களூரில் இருக்கும் தமிழ் ஆளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாள் பூராவும் ஒரே மொழிப் பாட்டு காதில் விழுவதில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் போனால் தமிழ், ஆபீஸ் கேபில் இந்தி, கீழ் வீட்டில் கன்னடம், பிஜியில் ரூம்மேட் புண்ணியத்தில் மலையாளம். 1996-லிருந்து இங்கிலீஷில் ராக் பாடிக்கொண்டிருக்கும் தெர்மல் அண்ட் எ குவார்ட்டரும், கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு சேர்க்கும் அகம் பேண்டும் இந்த ஊர்க்காரர்கள்தான். சினிமாப் பாட்டு மட்டுமே பாட்டு என்று இருக்கிற காதைவிட இந்தக் காது கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு "வேற லெவல்" என்று மட்டும் எழுதுவது அநியாயம்.

முதலில் கேட்கிற விஷயம்

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ரிலீஸ் என்றால் வெள்ளிக்கிழமை என்று ஆகிவிட்டது. வியாழன் ராத்திரி 12 மணிக்குப் பாட்டு வந்தால் 12:20-க்குக் கருத்து வந்துவிடுகிறது. யாருக்கு என்ன அவசரம்? வெள்ளியன்று ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை கேளுங்கள், அதற்கப்புறம் எழுதுங்கள். முதல் தடவை கேட்கும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். வீடியோ பார்க்காதீர்கள், வரிகளைப் படிக்காதீர்கள், பிரஸ் நோட் பக்கமே போகாதீர்கள். "மன அழுத்தத்தின் ஐந்து நிலைகளைப் பேசும் ஒலிப்பயணம்" என்று படித்துவிட்டுக் கேட்டால் அந்த ஐந்து நிலைகளும் காதில் விழத்தான் செய்யும், பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதையும் கவனிக்கணும். மெட்ரோ பர்ப்பிள் லைனில் இந்திராநகரில் ஏறி, எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் சக்கரத்தின் இரைச்சல் பாட்டின் கீழ்ப்பகுதியை, அதாவது பேஸ் ஒலிகளை, மொத்தமாக விழுங்கிவிடும். குரலும் ஸ்னேர் டிரம்மும் மட்டும் மிஞ்சும். அப்படிக் கேட்டுவிட்டு "பேஸே இல்லை" என்று எழுதினால் அந்த பேஸ் கிட்டார்காரர் பாவம். போன் ஸ்பீக்கரும் இதே கதைதான். நாலு கம்பி பேஸ் கிட்டாரில் ஆகக் கீழே உள்ள ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ் சொச்சம், அந்த அதிர்வை நம் கையில் இருக்கும் போனால் எழுப்பவே முடியாது. மெட்ரோவில் கேட்டதை வைத்து வரிகளைப் பற்றி, குரலைப் பற்றி, பாட்டின் கட்டமைப்பைப் பற்றித் தாராளமாக எழுதலாம். மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் கலந்து சமன் செய்வது) பற்றி எழுத வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து நல்ல இயர்போனில் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று, பலரும் தெரியாமல் ஏமாறுகிற இடம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்க வைக்கும், சத்தமாக இருப்பதைக் குறைக்கும், மெதுவாக இருப்பதைக் கூட்டும். யூடியூப் குறைக்க மட்டும்தான் செய்யும், கூட்டாது. ஆகவே நிதானமாக, சத்தத்தை ஏற்றாமல் மாஸ்டர் செய்த (கடைசிக் கட்டமாக ஒலியைச் சரிசெய்த) ஒரு பாட்டை யூடியூபில் ஒரு சினிமாப் பாட்டுக்கு அடுத்துக் கேட்டால் சப்பென்று இருக்கும். "ப்ரொடக்‌ஷன் வீக்" என்று எழுதுவதற்கு முன்னால் வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றிப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே காணாமல் போகும்.

கேட்கும்போது கையில் ஒரு குறிப்பு இருக்கட்டும், போன் நோட்ஸில் போட்டாலும் சரி. காது நிமிர்ந்த இடம், காது அலைந்த இடம், இரண்டுக்கும் நேரத்தைக் குறியுங்கள். "0:48 குரல் இரண்டாகிறது. 1:30 போர். 2:15 ஏதோ கதவுச் சத்தம்?" இவ்வளவு போதும். மூன்று தடவை கேட்ட பிறகும் குறிப்பில் ஒன்றுமே இல்லையென்றால் அந்தப் பாட்டைப் பற்றி எழுத உங்களிடம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். விட்டுவிடுங்கள், அடுத்த வெள்ளி வரத்தான் போகிறது.

எழுதும்போது

முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். "இந்த பேண்ட் 2019 முதல் இயங்கி வருகிறது" என்று ஆரம்பித்தால் படிப்பவர் கட்டைவிரல் அடுத்த போஸ்ட்டுக்குப் போய்விடும். தீர்ப்புக்கு அடுத்து ஆதாரம், அதுதான் நேரத்தோடு குறித்த இடம். அப்புறம் உங்களுக்கு உறுத்திய விஷயம், இருந்தால். கடைசியில் நீங்கள் அந்தப் பாட்டை என்ன செய்யப் போகிறீர்கள்: பிளேலிஸ்ட்டில் சேர்த்தீர்களா, திரும்பக் கேட்பீர்களா, இதோடு சரியா. இதே வரிசையில்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் தீர்ப்பும் ஆதாரமும் இல்லாமல் ஒரு கருத்து கிடையாது.

ஒரு உதாரணத்துக்கு, இப்படி ஒரு பாட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவர் பாடியது. 2 நிமிடம் 50 விநாடி. கிட்டாரும் குரலும்தான், பாதியில் டிரம் மெஷின் சேர்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம் பஸ்ஸில் ஊருக்குப் போவதைப் பற்றிய பாட்டு. வழக்கமாக இதற்கு இப்படித்தான் எழுதுவார்கள்:

"மனதை வருடும் மெலடி. ஊர் ஏக்கத்தை அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். இசை அருமை, வரிகள் அருமை. கண்டிப்பாகக் கேளுங்கள், நம்ம பசங்களுக்கு சப்போர்ட் பண்ணுங்கள்."

பாட்டின் பெயரை எடுத்துவிட்டால் இதை ஐந்நூறு பாட்டுக்கு ஒட்டலாம். அதே பாட்டுக்கு நான் எழுதினால்:

"பாதி வரைக்கும் ரொம்பப் பிடித்தது. அத்திப்பள்ளி டோல்கேட்டில் பஸ் நிற்க, கண்டக்டர் குரல் தூக்கத்தில் கேட்பதாக ஒரு வரி வருகிறது. அங்கே கிட்டாரை நிறுத்திவிட்டு வெறும் குரலில், கிட்டத்தட்ட முனகலாகப் பாடுகிறார், பாட்டு அங்கேயே ஜெயித்துவிட்டது. 1:34-ல் டிரம் மெஷின் நுழைந்து இதை எங்கேயோ கேட்ட பாட்டாக ஆக்கிவிடுகிறது. கிட்டாரோடு மட்டும் ஒரு வெர்ஷன் வந்தால் உடனே சேமித்துவிடுவேன்."

எல்லோரும் இதை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. டிரம் மெஷின் வந்த பிறகுதான் பாட்டே எடுக்கிறது என்று ஒருவர் சண்டைக்கு வரலாம், வரட்டும். சண்டை போடுவதற்கு 1:34 என்று ஒரு இடம் இருக்கிறதே. "வேற லெவல்" என்பதோடு யார் சண்டை போட முடியும்?

தவிர்க்க வேண்டிய சொற்களுக்கு எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். என்னுடையதில் வருடும், ஆன்மா, வைப், ஃபீல் குட், மேஜிக், ஃப்ரெஷ் எல்லாம் உண்டு. "வித்தியாசமான முயற்சி" என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லப் பயப்படுகிறவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அது.

ஒப்பிடுவது தப்பில்லை. தமிழ் கேட்டு வளர்ந்த காதில் ராஜாவும் ரஹ்மானும் எப்போதும் குடியிருப்பார்கள், அவர்களை வெளியே தள்ளிவிட்டு யாராலும் கேட்க முடியாது. ஆனால் "ரஹ்மான் மாதிரி இருக்கு" என்று மட்டும் எழுதினால் அதில் எது? பின்னால் நிற்கும் கோரஸா, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சின்தா, பாடகர் மூச்சை விடும் விதமா? அந்த ஒன்றைச் சொல்ல முடிந்தால் ஒப்பிடுங்கள். "சினிமாவில் வந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும்" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதுகிறோம், வாங்குகிறவர்களுக்கு அது வலிக்கும்.

கலவை இசைக்கு ஒரு தனிக் கேள்வி வைத்திருக்கிறேன். கீர்த்தனைக்குக் கீழே டிரம்ஸ் வைத்திருக்கிறார்களா, இல்லை கீர்த்தனை வந்ததால் டிரம்ஸ் அடிக்கிற விதமே மாறியிருக்கிறதா? முதலாவது என்றால் இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். பறைக்கும் இதே கேள்வி, இன்னும் கறாராக. 2017-ல் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் கானாவும் பறையும்தான் பாட்டின் முதுகெலும்பு, மற்ற வாத்தியங்கள் அதற்கு ஏற்றபடி நகரும். அதற்கப்புறம் வந்த எத்தனையோ பாட்டுகளில் பறை நாலு விநாடி சாம்பிளாக, இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி வந்து போகிறது. வீடியோவில் மட்டும் பத்து பேர் அடிப்பார்கள். அதைக் கண்டால் எழுதுங்கள், விநாடியோடு.

தமிழ் வரிகளைப் பற்றி எழுதும்போது அர்த்தத்தோடு நின்றுவிடாதீர்கள். மெட்டில் வார்த்தை உட்கார்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். குறில் இருக்கும் இடத்தில் இரண்டு தாளத்துக்கு நீட்டி, நெடிலை அவசரமாக விழுங்கினால் வரி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் காதில் தடுக்கும். ராப்பில் இது இன்னும் சுலபமாகத் தெரியும், அடி விழும் இடத்தில் எந்த எழுத்து விழுகிறது என்று பார்த்தால் போதும்.

மொழி தெரியாத பாட்டுக்கு என்ன செய்வது? பெங்களூரில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். "மொழி புரியாவிட்டாலும் மனதைத் தொட்டது" என்பது எல்லோரும் எழுதுவது. அதற்குப் பதில் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்: "எனக்குத் தெரிந்த கன்னடம் ஆட்டோவுக்கும் காய்கறிக்கும் போதும், கவிதைக்குப் போதாது. அதனால் வரிகளைப் பற்றிப் பேசவில்லை." இப்படி ஒரு வரி போட்டுவிட்டால் மீதி நாலு வரியையும் நம்பிப் படிப்பார்கள். முடிந்தால் கன்னடம் தெரிந்த நண்பரிடம் ஒரே ஒரு வரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் சொன்னதாகவே போடுங்கள். ஆபீஸ் டீ டைமில் கேட்டால் பாதிப் பேர் பாட்டையே பாடிக் காட்டுவார்கள்.

பிடிக்கவில்லை என்றால்

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இண்டி உலகம் சின்னது. நீங்கள் திட்டிய பேண்டின் டிரம்மர் அடுத்த சனிக்கிழமை இந்திராநகரில் பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருப்பார், அல்லது உங்கள் டீமிலேயே டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எல்லாமே "சூப்பர்" ஆகிவிடுகிறது. எல்லாமே சூப்பர் என்றால் நீங்கள் உண்மையிலேயே மயங்கிப்போன பாட்டுக்கு எழுத வார்த்தை மிச்சமிருக்காது.

காட்டமாக எழுதுவது நமக்குப் புதுசும் இல்லை. ஆனந்த விகடனில் கல்கி, 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதியில் வித்வான்களை வாரியது உண்டு. டெல்லியில் மத்திய அரசு வேலை பார்த்துக்கொண்டே சுப்புடு எழுதிய விமர்சனங்களைப் படிக்க சபா செக்ரட்டரிகளே பயந்த காலம் உண்டு. சுப்புடுவின் குத்தலை மட்டும் காப்பியடிக்க நிறைய பேர் இருக்கிறார்கள். அவர் ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர், எந்த ஸ்வரத்தில் சறுக்கல் என்று காதில் பிடித்துவிட்டுத்தான் கிண்டலுக்குப் போவார் என்பது மறந்துவிடுகிறது. ஆக, கிண்டல் பண்ணலாம், ஆதாரத்துக்கு அப்புறம். இதுவும் கற்பனைப் பாட்டுக்கான கருத்துதான்:

"ஏழு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் அருமையான ஒரு பேஸ் லைன் வருகிறது, அதற்கு முந்தின ஐந்து நிமிடமும் ரிவெர்ப் எதிரொலியை ரசிக்கச் சொல்கிறார்கள். ரிவெர்ப் என் வீட்டு பாத்ரூமிலும் இருக்கிறது. 5:50-லிருந்து கேளுங்கள்."

திட்டு இருக்கிறது, கூடவே பாட்டைக் கேட்க ஒரு வழியும் இருக்கிறது. அவர்கள் எடுத்த முடிவைத்தான் குறை சொல்கிறோம், ஆட்களை அல்ல. "குரல் மோசம்" என்று எழுதினால் அதை வைத்து அவர் என்ன செய்வார்? "இரண்டாவது சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுருதி விலகுகிறது, அரைக்கட்டை இறக்கிப் பாடியிருக்கலாம்" என்பதை வைத்து ஏதாவது செய்யலாம். கோபப்படவும் செய்யலாம், அது அவர் உரிமை.

நண்பர் பாட்டு என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அல்லது எழுதவே எழுதாதீர்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்கிறேன், நட்பும் மிச்சம், நேரமும் மிச்சம்.

மார்க் போடுவது வேண்டாம் என்பது என் கட்சி. விகடன் சினிமாவுக்கு நூற்றுக்கு மார்க் போட்ட காலத்திலிருந்தே நமக்கு அந்தப் பழக்கம், விமர்சனத்தைத் தாவிக் கடைசி வரிக்குப் போய் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அமெரிக்காவில் இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-லிருந்து ஒரே ஒரு பத்திக் கருத்தோடு ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு போல ஏ, பி, சி என்று கிரேடு போட்டுவந்தார். அவருடைய பத்தியைப் படித்தால் கிரேடு தேவையில்லை என்று தோன்றும், அவ்வளவு அடர்த்தி. நாம் அந்த அடர்த்திக்கு வந்த பிறகு மார்க்கைப் பற்றி யோசிக்கலாம்.

போடுவதற்கு முன்னால் சில சில்லறை வேலைகள்

ரிலீஸ் தேதியைச் சரிபாருங்கள். இப்போதெல்லாம் மூன்று சிங்கிளை மாதம் ஒன்றாக விட்டுவிட்டு, கடைசியில் இரண்டு பாட்டைச் சேர்த்து ஐந்து பாட்டு இ.பி. (குட்டி ஆல்பம்) என்று வெளியிடுவது வழக்கமாகிவிட்டது. "புது இ.பி." என்று நீங்கள் எழுதினால் அதில் புதுசு இரண்டுதான், அதைச் சொல்ல வேண்டும். யார் மிக்ஸ் செய்தார்கள், யார் வாசித்தார்கள் என்ற விவரம் ஆப்பில் பாதி இருக்காது. யூடியூப் டிஸ்க்ரிப்ஷனிலோ, கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலோ தேடுங்கள். நீங்கள் பாராட்டிய வயலின் உண்மையில் யாரோ ஒருவர் வாசித்தது, அவர் பெயரையும் போடலாமே. பெயர்களை அவர்கள் எழுதுவது போலவே எழுதுங்கள்.

பாட்டு ஏன் இன்ட்ரோ இல்லாமல் நேராகக் குரலில் ஆரம்பிக்கிறது என்று குறைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 30 விநாடி கேட்டால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு அங்கே ராயல்டியே கிடையாது. 800-ல் நிற்கிற பாட்டுக்கு உங்கள் நாலு வரியைப் படித்துவிட்டு நாற்பது பேர் போய்க் கேட்டால் அது விளையாட்டான எண் இல்லை. அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம், ஆனால் கேட்காமல் மட்டும் எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும், முதல் வாக்கியத்தில் தீர்ப்பு இல்லையென்றால் அதை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அது இல்லாமலேயே நன்றாக இருக்கும்.

டேக் செய்வது பற்றி ஒரு வார்த்தை. பாராட்டியிருந்தால் கலைஞரை டேக் செய்யுங்கள், அவர்கள் ஷேர் செய்தால் அவர்களுக்கும் நல்லது. குறை சொல்லியிருந்தால் டேக் செய்யாதீர்கள். தேடி வந்து படித்தால் படிக்கட்டும், ஞாயிறு ராத்திரி நோட்டிஃபிகேஷனாகப் போய் அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். லிங்க் போடும்போது பேண்ட்கேம்ப் இருந்தால் அதை முதலில் போடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம்தான். 2020 மார்ச்சிலிருந்து சில மாதங்களில் ஒரு வெள்ளியன்று, பெரும்பாலும் முதல் வெள்ளியன்று, அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வெள்ளி வருகிறது என்று தெரிந்தால், உங்களுக்குப் பிடித்த பாட்டின் கருத்தை மட்டும் ஞாயிறு வரைக்கும் வைத்திருக்காமல் அன்றைக்குக் காலையிலேயே போட்டுவிடுங்கள்.